குடியாட்சியும் நாடுகளிடைச் சமாதானமும்

ஒல்லாந்து தேசத்திலே விடுதிக்காரன் ஒருவன் தன் விடுதியின் பெயர்ப்பலகையில் ‘நிலையான சமாதானம்’ என்னும் பொருள்பட எழுதிவைத்திருந்தான். அச்சொற்களுக்கு ஏற்ற படமாக அப்பலகையில் தீட்டப்பட்டிருந்தது ஓர் இடுகாடு. சண்டை சச்சரவில்லாத சமாதானம் வேண்டுவோர் அதனை அங்கேதான் காணலாம் என்பது அவனது பரிகாசம். இச்செய்தியைத் தம் நூலொன்றின் முகப்பிலே எடுத்துக் கூறி, அந்நூலுக்கும் அப்பெயரையே சூட்டியவர் இம்மானுவேல் காண்ட் என்னும் ஜேர்மானியத் தத்துவ ஞானி. புருசியா தேசத்துக் கோனிக்ஸ்பேர்க் நகரில் வாழ்ந்த அவர், 1795 ஆம் ஆண்டில் அந்நூலை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே புருசியாவும் புரட்சி கண்ட பிரான்சும் பாசல் நகரில் உடன்படிக்கை செய்து தம் போரை நிறுத்தின. அரசர்கள் செய்துகொள்ளும் இத்தகைய உடன்படிக்கைகள் அடுத்த போருக்கு முன் இளைப்பாறும் இடைவேளைகளாகவே முடிகின்றன என்பதைக் காண்ட் அறிந்திருந்தார். உயிரோடிருப்போர் அனுபவிக்கத்தக்க சமாதானத்துக்கு வழி யாது என்பதே அவர் எழுப்பிய வினா.

அவ்வினாவுக்கு அவர் அளித்த விடைகளுள் முதலாவதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருளாகும். ஒவ்வொரு நாட்டின் ஆட்சியும் அந்நாட்டு மக்களின் சம்மதத்தில் நிலைபெற்றதாய் இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் நாடுகளுக்கிடையே போர் அருகும் என்றார் அவர். இஃது உண்மைதானா? உண்மையாயின் எவ்வளவு தூரம் உண்மை? குடியாட்சி நாடுகளும் போர் தொடுத்ததை உலகம் கண்டிருக்கிறது அன்றோ? இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

காண்ட் கூறும் நியாயம் எளியது. போர் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை குடிகளிடம் இருக்குமாயின், அவர்கள் பலமுறை சிந்தித்தே சம்மதம் கொடுப்பர். ஏனெனில் களத்திலே நின்று பொருதப்போவோர் அவர்கள். செலவுக்குப் பணம் கொடுப்போர் அவர்கள். போரால் பாழான வீட்டையும் வயலையும் திருத்திக்கொள்ள வேண்டியோர் அவர்கள். போர் முடிந்த பின்னும் தலைமுறை தலைமுறையாகக் கடனைச் சுமப்போரும் அவர்களே. நாட்டைத் தன் சொத்தெனக் கருதும் மன்னனுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. போர் நடக்கும்போதும் அவனுடைய விருந்து குறையாது, வேட்டை குறையாது, அரண்மனைக் களியாட்டம் குறையாது. ஆகவே அற்பமான காரணத்துக்கும் அவன் போர் முரசறைவான். நட்டத்தைச் சுமப்பவன் ஒருவன், முடிவு செய்பவன் வேறொருவன் என்றிருக்கும் வரையில் போர் ஓயாது என்பதே இவ்வாதத்தின் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மக்கள் திரண்டு நின்று நினைத்ததைச் சட்டமாக்கி, அதனைத் தாமே அப்பொழுதே நிறைவேற்றுவதைக் காண்ட் நல்லாட்சி என்று கொள்ளவில்லை. அதுவும் ஒருவகைக் கொடுங்கோன்மையே என்றார். சட்டம் இயற்றுவோர் வேறாகவும், அதனை நடத்துவோர் வேறாகவும், மக்களின் பிரதிநிதிகள் கூடி ஆராய்வதாகவும் உள்ள ஆட்சியையே அவர் வேண்டினார். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் பின்னால் வரும் உதாரணங்கள் யாவும் இதனைச் சுற்றியே அமைகின்றன.

காண்ட் எழுதிய காலத்தில் அவர் கூற்றைச் சோதித்துப் பார்ப்பதற்குப் போதிய குடியாட்சிகள் உலகில் இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே அறிஞர்கள் வரலாற்றைப் புரட்டிக் கணக்கெடுக்கத் தொடங்கினர். டீன் பாப்ஸ்ட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1964 ஆம் ஆண்டிலும், மைக்கேல் டொயில் என்னும் பேராசிரியர் 1983 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. நன்கு வேரூன்றிய குடியாட்சி நாடுகள் இரண்டு ஒன்றையொன்று எதிர்த்து முழுப்போர் புரிந்தமை மிக மிக அரிது என்பதே அவர்கள் கண்டது. விலக்குகளாகச் சிலவற்றைச் சுட்டுவோர் உளர். 1941 டிசம்பரில் பிரித்தானியா, சோவியத் நாட்டின் வற்புறுத்தலின் பேரில், குடியாட்சி நாடான பின்லாந்தின் மீது போர்ப் பிரகடனம் செய்தது. ஆனால் அப்பிரகடனத்துக்குப் பின் இவ்விரு நாட்டுப் படைகளும் களத்தில் பெரிதாக மோதிக்கொள்ளவில்லை. எதனைக் குடியாட்சி என்பது, எத்தனை உயிர் மாண்டால் அதனைப் போர் என்பது என்னும் வரையறையைப் பொறுத்துக் கணக்கு சிறிது மாறும். இருப்பினும் மொத்தத்தில் முடிவு ஒன்றே.

ஆயின், அதே ஆராய்ச்சியாளர்கள் கண்ட வேறொன்றையும் மறைத்தல் ஆகாது. குடியாட்சி நாடுகள் தம்முள் போர் புரிவது அரிது. குடியாட்சியல்லாத நாடுகளோடும், தாம் அடிமைப்படுத்த நினைத்த மக்களோடும் அவை தாராளமாகப் போர் புரிந்துள்ளன. தம் நாட்டிலே பாராளுமன்றம் நடத்திய பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் படைகொண்டு நாடு பிடித்ததை நம்முன்னோர் நேரிற் கண்டனர். அந்நாடுகளின் குடிமக்கள் வாக்களித்தனர்; போரின் சுமையை ஏற்ற ஆசிய ஆபிரிக்க மக்களுக்கோ வாக்கு இல்லை. காண்டின் நியாயம் இங்கும் பிழைபடவில்லை. சுமப்பவன் வேறு, தீர்மானிப்பவன் வேறு என்னும் நிலையே இங்கும் காணப்படுவது. ஐரோப்பியர் பிற நாடுகளுக்குச் சென்று செய்த கொடுமைகளை அவர் தம் நூலிலேயே கண்டித்திருக்கிறார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, வாக்குரிமை ஒன்றே சமாதானத்தைத் தந்துவிடுமா என்று பார்ப்போம். இதற்குப் பழங்காலக் கிரேக்க நகரமாகிய அதென்ஸ் நல்ல உதாரணமாகும். பெண்களும் அடிமைகளும் அயலாரும் நீங்கலாக, வயது வந்த ஆண் குடிகள் யாவரும் அங்கே சபை கூடிக் கையுயர்த்தித் தீர்மானம் செய்தனர். கி.மு. 428 இல் லெஸ்போஸ் தீவிலுள்ள மித்திலீனி நகரம் அதென்சுக்கு எதிராகக் கலகம் செய்தது. மறுவருடம் அது பணிந்தது. கோபத்தால் கொதித்த அதென்ஸ் சபை, அந்நகரத்து ஆண்கள் அனைவரையும் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்பது என்று தீர்மானித்தது. அக்கட்டளையுடன் கப்பலொன்று உடனே புறப்பட்டது.

மறுநாள் விடிந்ததும் மக்களின் மனம் உறுத்தியது. குற்றம் செய்தவரோடு செய்யாதவரையும் கொல்வது கொடிது என்று பலர் பேசலாயினர். சபை மீண்டும் கூடிற்று. தீர்மானத்தை மாற்றலாகாது என்று கிளியோன் வாதித்தான். டயடோட்டஸ் என்பவன் எழுந்து, எல்லாரையும் கொல்வது அதென்சுக்கே கேடு விளைக்கும் என்று விளக்கினான். கைகள் ஏறக்குறையச் சமமாகவே உயர்ந்தன; ஆயினும் டயடோட்டசின் பக்கமே வென்றது. முதற் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றுவிட்டது. இரண்டாவது கப்பலிலே சென்றோர் தண்டு வலித்துக்கொண்டே உணவருந்தினர், முறைவைத்து உறங்கினர். முதற் கப்பலோ தான் ஏற்ற கொடிய காரியத்துக்கு விரைந்து செல்லவில்லை. கட்டளை வாசிக்கப்பட்ட நேரத்தில் இரண்டாவது கப்பல் துறையை அடைந்தது. கலகத்தை நடத்தியோர் கொல்லப்பட்டனர்; ஆயினும் நகரம் பிழைத்தது. இவ்வரலாற்றைத் துசிடிடீஸ் என்னும் ஆசிரியர் எழுதிவைத்துள்ளார்.

இதே அதென்ஸ், பதினொரு ஆண்டுகள் கழித்து மேலோஸ் தீவை வென்றபோது அத்தீவுக்கு இரண்டாவது கப்பல் எதனையும் அனுப்பவில்லை, ஆண்கள் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு, கி.மு. 415 இல், சிசிலித் தீவின் மீது படையெடுப்பதா என்னும் வினா சபைக்கு வந்தது. அத்தீவின் தலைமை நகரான சிரக்கியூசிலும் அப்பொழுது குடியாட்சியே நடைபெற்றது. நிசியாஸ் என்னும் தளபதி, இப்பெரும் முயற்சி வேண்டாம் என்று தடுத்தான். பெருந்தொகையான கப்பலும் படையும் வேண்டுமென்று அவன் சொன்னால் மக்கள் பின்வாங்குவர் என எண்ணினான். மக்களோ அவன் கேட்டதனைத்தையும் தருவதாக ஆரவாரித்தனர். எதிர்க்கருத்து உடையோரும் அங்கே இருந்தனர். எதிர்த்துக் கையுயர்த்தினால் நாட்டுப்பற்று இல்லாதவரெனப் பெயர் வரும் என்று அஞ்சி அவர்கள் வாளாவிருந்தனர் என்கிறார் துசிடிடீஸ். இரண்டு ஆண்டுகளில் அப்படை முற்றாக அழிந்தது.

மித்திலீனியைக் காத்த சபையும் சிசிலிக்குப் படையனுப்பிய சபையும் ஒன்றே. வாக்குரிமையில் வேறுபாடு இல்லை. முதற் சம்பவத்தில் மறுத்துப் பேசுவதற்கு இடமிருந்தது. பேச்சைக் கேட்டு மனம் மாறுவதற்கு ஒரு பகல் அவகாசமும் இருந்தது. இரண்டாவதில் மறுத்துப் பேசும் துணிவு அற்றுப்போயிற்று. மக்கள் ஒருபோதும் தவறமாட்டார்கள் என்பது குடியாட்சியின் பெருமையன்று. தவறைச் சுட்டிக்காட்டுவோனுக்கு வாய் திறக்க உரிமையும், திருத்திக்கொள்ளக் காலமும் அவ்வாட்சியில் உள்ளன என்பதே அதன் பெருமை. நாடுகளிடைச் சமாதானத்துக்கு உதவுவது இப்பண்பே என்பது நாம் கொள்ளத்தக்க முடிபு.

இம்முடிபை நம் காலத்துக்கு அண்மையிலுள்ள நிகழ்ச்சிகளைக் கொண்டு சோதிப்போம். 1914 ஆம் ஆண்டு ஜேர்மனியில் வயது வந்த ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது. ரைக்ஸ்டாக் என்னும் மக்கள் சபையும் இருந்தது. ஆனால் தலைமை மந்திரி அச்சபைக்குப் பொறுப்புடையவர் அல்லர். அவரை நியமிப்பவரும் நீக்குபவரும் சக்கரவர்த்தியே. ஓகஸ்ட் 1 ஆந் திகதி ரஷ்யாமீதும் 3 ஆந் திகதி பிரான்சு மீதும் போர் பிரகடனமாயிற்று. போர்ச்செலவுக்கு வாக்களிக்கும்படி மக்கள் சபை கேட்கப்பட்டது 4 ஆந் திகதியில். தீ மூண்ட பின்னர் விறகுக்கு மட்டும் சம்மதம் கேட்டதற்கு இஃது ஒப்பாகும். பிரித்தானியாவிலும் முழுச் செய்தியும் வெளியிலிருக்கவில்லை. பிரெஞ்சுப் படையினரோடு நடந்த இரகசியப் பேச்சுக்களை மந்திரிசபையினர் பலரே ஆண்டுக்கணக்காக அறியாதிருந்தனர்.

1999 ஆம் ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் கார்கில் மலைப் பகுதியில் போரிட்டன. இரு நாட்டிலும் அப்பொழுது இருந்தவை தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கங்களே. அவ்வாண்டு பெப்ருவரி மாதத்தில்தான் இரு பிரதமர்களும் லாகூரில் சந்தித்துச் சமாதானப் பிரகடனத்தில் கைச்சாத்திட்டிருந்தனர். அப்படியாயின் காண்டின் கொள்கை பொய்த்ததா? எல்லைக் கோட்டைக் கடந்து சிகரங்களைப் பிடிக்கும் திட்டம் பாகிஸ்தான் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. மக்களும் அதனை அறியார். அங்கே நிற்போர் தம் படையினரே அல்லர் என்றுதான் அந்நாடு முதலிற் கூறிற்று. தமக்கு முழுவிபரமும் தெரிவிக்கப்படவில்லை என்று பிரதமர் நவாஸ் ஷெரீப் பின்னாளில் சொன்னார்; தெரிவிக்கப்பட்டது என்று படைத்தளபதி முஷாரப் மறுத்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் அத்தளபதியே ஆட்சியைக் கைப்பற்றினார். வாக்குப் பெட்டி இருந்தும், வாளை ஏந்தியவன் வாக்காளருக்குக் கணக்குக் காட்டாத நாட்டில் சமாதானத்துக்கு உறுதியில்லை என்பதையே கார்கில் காட்டுகிறது.

நெடுங்காலமாக வேரூன்றிய குடியாட்சிகளும் இவ்வகைக் குற்றத்தினின்று நீங்கியவை அல்ல. 1953 இல் ஈரானிலும், 1954 இல் குவாத்தமாலாவிலும் சட்டப்படி பதவி வகித்த அரசாங்கங்கள் அமெரிக்க உளவுத்துறையின் முயற்சியால் கவிழ்க்கப்பட்டன. ஈரான் நிகழ்ச்சியில் பிரித்தானிய உளவுத்துறைக்கும் பங்குண்டு. படையணி வகுத்து, பகிரங்கமாகப் போர் தொடுப்பதாயின் மக்கள் சபையில் காரணம் கூறியிருத்தல் வேண்டும். காரணம் கூற இயலாதவிடத்து இரகசிய வழி நாடப்பட்டது. இரகசியம் புகும் வாயிலால் பொறுப்பு வெளியேறிவிடுகிறது.

பகிரங்கமாக ஆராயும்போதும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட செய்தி மெய்யாயிருத்தல் வேண்டும். 2003 மார்ச் 18 ஆந் திகதி பிரித்தானியப் பொதுமக்கள் சபை, ஈராக்கின் மீது படையெடுப்பதற்கு 412 வாக்குகளால் சம்மதம் தெரிவித்தது, எதிர்த்தவை 149. பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கில் உள்ளன என்பது அரசாங்கம் எடுத்துக்கூறிய காரணம். அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் அங்கே பின்னர் அகப்படவில்லை. பத்து ஆண்டுகள் சென்று, 2013 ஓகஸ்டில், சிரியாவின் மீது படைநடவடிக்கை எடுக்கலாமா என்ற வினா அதே சபைக்கு வந்தபோது, உறுப்பினர் பலரும் ஈராக்கை நினைவிற் கொண்டே பேசினர். சம்மதம் மறுக்கப்பட்டது, எதிராக 285 வாக்குகள், ஆதரவாக 272. அம்முடிவு சரியா தவறா என்பதில் அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் உண்டு. ஆயினும் ஏமாந்த அனுபவத்தை நினைவில் வைத்துக் கேள்வி கேட்கும் சபையை அங்கே நாம் காண்கிறோம்.

குடியாட்சிகளுக்கிடையே பிணக்கே எழுவதில்லை என்று எண்ணுதலும் தவறு. எழும் பிணக்கு எவ்வாறு முடிகிறது என்பதிலேயே வேறுபாடு உண்டு. ஐஸ்லாந்து என்னும் சிறிய தீவுநாட்டின் வாழ்வு மீன்வளத்தில் தங்கியுள்ளது. தன் கடற்பரப்பின் எல்லையை அந்நாடு 1958 இல் 12 கடல் மைலாகவும், 1972 இல் 50 மைலாகவும், 1975 இல் 200 மைலாகவும் விரித்தது. நெடுங்காலமாக அக்கடலில் மீன்பிடித்த பிரித்தானியர் இதனை ஒப்பவில்லை. தம் இழுவைப் படகுகளுக்குக் காவலாகப் போர்க்கப்பல்களை அனுப்பினர். ஐஸ்லாந்துக்கோ படை இல்லை. கரைகாவற் கப்பல்களே உண்டு. அக்கப்பல்கள் பிரித்தானியப் படகுகளின் இழுவை வலைக் கயிறுகளை வெட்டின. கப்பலோடு கப்பல் மோதிற்று. 1976 பெப்ருவரியில் இராசதந்திர உறவும் முறிந்தது. ஆயினும் முழுப்போர் மூளவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. வலிய நாடே பெரிதும் விட்டுக்கொடுத்தது.

இதற்குக் குடியாட்சி ஒன்றே காரணம் என்று கூறுதல் மிகையாகும். இரு நாடுகளும் ஒரே பாதுகாப்புக் கூட்டில் இருந்தன. ஐஸ்லாந்திலிருந்த படைத்தளத்தை இழக்க அமெரிக்கா விரும்பவில்லை. ஆனால் மீன் காரணமாக நட்பு நாடொன்றின் மீது குண்டு பொழிவதை எந்தப் பிரித்தானிய மந்திரியும் தம் பாராளுமன்றத்தில் நியாயப்படுத்தியிருக்க முடியாது என்பதும் உண்மை. இச்சமாதானம் விலையின்றிக் கிடைத்ததுமன்று. ஹல், கிரிம்ஸ்பி முதலிய துறைமுகங்களிலே ஆயிரக்கணக்கானோர் தொழில் இழந்தனர். அவர்களுக்கு நட்டஈடு வழங்கும் திட்டம் 2000 ஆம் ஆண்டில்தான் வந்தது. நாடு சமாதானம் பெறும்போது அதன் விலையைச் சிலர் மட்டும் கொடுக்கும்படி விடுதல் நீதியாகாது.

வேறொரு பிணக்கு ஓலாந்துத் தீவுகளைப் பற்றியது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள அத்தீவுகளில் வாழ்வோர் பெரும்பாலும் சுவீடிஷ் மொழி பேசுவோர். 1917 இல் பின்லாந்து சுதந்திரம் பெற்றபோது, தாங்கள் சுவீடனோடு சேர வேண்டுமென அவர்கள் கோரினர். சுவீடன் அக்கோரிக்கையை ஆதரித்தது, பின்லாந்து மறுத்தது. இரு நாடுகளும் வழக்கைச் சர்வதேச சங்கத்தின் முன் கொண்டு சென்றன. 1921 ஜூன் மாதத்தில் தீர்ப்பு வந்தது. ஆட்சியுரிமை பின்லாந்துக்கே, ஆயினும் தீவுமக்களின் மொழிக்கும் நிலத்துக்கும் சுயாட்சிக்கும் சட்டப்படி உறுதி அளிக்கப்பட வேண்டும், தீவுகளில் படை வைத்தலாகாது. சுவீடன் வருத்தத்தோடு தீர்ப்பை ஏற்றது. வென்ற பின்லாந்தும் தான் கொடுத்த உறுதியைச் சட்டமாக்கிக் காத்தது. 1922 இல் அத்தீவுகளின் சொந்தச் சட்டசபை கூடிற்று. அச்சுயாட்சி இன்றும் நிலவுகிறது. தோற்றவன் தீர்ப்பை மதித்ததும் வென்றவன் சொல்லைக் காத்ததும் சேர்ந்தே அங்கே சமாதானத்தை உண்டாக்கின.

இவ்விடத்தில் காண்டின் ஏனைய விடைகளும் பொருள் பெறுகின்றன. நாடுகள் தம்முள் ஒரு கூட்டுறவு அமைத்தல் வேண்டும் என்பது அவரது இரண்டாவது விடை. அயல்நாட்டிலிருந்து வருவோனைப் பகைவனாக நடத்தலாகாது என்பது மூன்றாவது. 1870 முதல் எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை பொருத பிரான்சும் ஜேர்மனியும் இரண்டாம் உலக யுத்தத்தின் பின் வெறும் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஆயுதத்துக்கு மூலப்பொருளாகிய நிலக்கரியையும் உருக்கையும் பொது அதிகாரத்தின் கீழ் வைக்க 1951 இல் பாரிஸ் நகரில் ஆறு நாடுகள் உடன்பட்டன. அவற்றுள் இவ்விரு நாடுகளும் அடங்கும். ஒருவர் மற்றவர் கணக்கைப் பார்க்கலாம் என்னும் ஏற்பாடு அச்சத்தைக் குறைத்தது.

நமது கடலிலும் இப்பொருள் நம்மைத் தொடுகிறது. பாக்கு நீரிணையில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் எல்லை வகுத்த உடன்படிக்கை 1974 இல் ஏற்பட்டது. மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுத்தது 1976 இல். இரண்டும் தேர்தல் வழி அமைந்த அரசாங்கங்கள் பேசி முடித்தவை. எல்லைக்காகப் போர் மூளவில்லை. ஆயினும் எல்லைக் கோட்டின் இருமருங்கிலும் துன்பம் தீர்ந்தபாடில்லை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகளால் வலையை இழந்து நிற்கும் யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளி ஒருபுறம். கைதாகிப் படகை இழந்தும், சில வேளைகளில் உயிரையே இழந்தும் வருந்தும் இராமேசுவரத்து மீனவர் குடும்பம் மறுபுறம். இரு கரையிலும் பேசப்படுவது ஒரே மொழி. இலங்கைப் பாராளுமன்றம் 2017 இல் இழுவைமடி முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அரசாங்கங்கள் பேசுகின்றன. ஆனால் கொழும்பிலும் டில்லியிலும் நடக்கும் பேச்சிலே வலை இழந்தவனின் குரலும் படகு இழந்தவனின் குரலும் எவ்வளவு ஒலிக்கின்றன? நட்டத்தைச் சுமப்பவனுக்கு முடிவிலே பங்கு வேண்டும் என்னும் காண்டின் நியாயம் இங்கும் காத்து நிற்கிறது.

இன்னொரு பாடமும் நமக்குண்டு. 1931 ஆம் ஆண்டிலேயே வயது வந்தோர் யாவருக்கும் வாக்குரிமை பெற்ற நாடு இலங்கை. எனினும் 1983 முதல் 2009 வரை உள்நாட்டு யுத்தம் இந்நாட்டை வாட்டியது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 ஆம் ஆண்டுச் சட்டம் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை வாக்காலேயே நிறைவேறியது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. எண்ணிக்கையில் என்றும் குறைந்தோராய் இருப்பவருக்கு வாக்குச்சீட்டு மட்டும் போதிய காப்பாகாது. அவர்களின் குரலை மதிக்கும் சட்டமும் அச்சட்டத்தைக் காக்கும் மனமும் வேண்டும். ஓலாந்துத் தீவினர் பெற்றவை அவையே. உள்நாட்டிலே கேட்கப்படாத குரல் அயல்நாடுகளையும் பிணக்குக்குள் இழுத்துவிடும் என்பதற்கு உலகில் உதாரணங்கள் பல.

ஆகவே, குடியாட்சி பெருகினால் சமாதானம் தானே வந்துவிடும் என்று வாளாவிருத்தல் தகாது. குடியாட்சிக்கும் சமாதானத்துக்கும் தொடர்பே இல்லை என்று கைவிடுதலும் தகாது. தேர்தல் நாளன்று வாக்களிப்பதோடு குடிமகனின் கடமை முடிந்துவிடுவதில்லை. போர் முழக்கம் எழும்போது அவன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. தீர்மானிப்பவர் யார்? அவர் யாருக்குக் கணக்குக் காட்டுவார்? காட்டும் காரணத்துக்குச் சான்று யாது? உயிரையும் பொருளையும் இழக்கப்போவோரின் சம்மதம் பெறப்பட்டதா? எதிர்த்துப் பேசுவோனைத் துரோகி என்று அழைக்காமல் இறுதிவரை பேச விட்டார்களா? இக்கேள்விகளைத் தன் அரசாங்கத்திடம் கேட்கும் மக்கள் எல்லையின் இருபுறத்தும் இருப்பாராயின், முதற் கப்பலை அனுப்புமுன் இருமுறை எண்ணுவர். அனுப்பிவிட்டாலும் இரண்டாவது கப்பலை அனுப்பக் காலம் தாழ்த்தார்.